நேர்ந்துகொள்வதற்கு முன்



நள்ளிரவு, மருத்துவமனை வராந்தா. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. "மாதாவே, பிள்ளை பிழைத்தால் ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன்" என்று ஒரு தாய் நேர்ந்துகொள்கிறார். பிள்ளை பிழைக்கிறது. சில ஆண்டுகள் தாயும் நடக்கிறார். பிறகு முழங்கால் வலி வருகிறது, வேலையில் விடுப்பு கிடைப்பதில்லை. ஆகஸ்டு 29 கொடியேற்றம் நெருங்கும்போதெல்லாம் உள்ளத்தில் பக்தியைவிடப் பயமே மிஞ்சுகிறது. இப்படிப்பட்டவர்கள் நம் பங்குகளில் பலர் உண்டு.

நேர்ச்சை என்றால் என்ன? 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் (எண் 1191) தெளிவாகச் சொல்கிறது: நன்கு சிந்தித்து, முழு விருப்பத்தோடு, நம்மால் இயலக்கூடிய ஒரு மேலான நன்மையைக் குறித்துக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு அது. இதில் 'இயலக்கூடிய' என்ற சொல்லை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். எவ்வளவு கடினமோ அவ்வளவு பலன் என்று எண்ணிக்கொள்கிறோம். நேர்ந்துவிட்டு நிறைவேற்றாமல் இருப்பதைவிட நேராமல் இருப்பதே நல்லது என்கிறார் சபை உரையாளர் (5:4-5). நலம்பெற்ற பத்துத் தொழுநோயாளருள் நன்றி சொல்லத் திரும்பி வந்த சமாரியர் எதையும் நேர்ந்திருக்கவில்லை என்பதையும் கவனிப்போம் (லூக் 17:11-19).

விவிலியத்தில் அவசர நேர்ச்சைக்கு இப்தா ஒரு துயரமான எடுத்துக்காட்டு (நீதித் தலைவர்கள் 11). போருக்குப் போகுமுன் அவர் வாயைத் திறந்தார். விலை கொடுத்தது அவருடைய ஒரே மகள். நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று இன்றைய சட்டம் சொல்வது (எண் 1193) எவ்வளவு பெரிய பாதுகாப்பு! "பையனைக் குருவானவர் ஆக்குகிறேன்" என்று நேர்ந்துகொண்ட பெற்றோர் இதை அறிய வேண்டும். அவர்கள் மகனுக்காகச் செபிக்கலாம், அவனை ஊக்கப்படுத்தலாம். ஆனால் திருப்பட்டத்திற்கு முன், மனமுவந்து இப்பணியை ஏற்று வாழ்நாள் முழுவதும் அதற்கே தன்னைக் கையளிப்பதாகத் தன் கைப்பட எழுதித் தர வேண்டியவர் மகன்தான் (எண் 1036). அம்மாவின் நேர்ச்சைக்கு அங்கே இடமில்லை.

ஏற்கெனவே நேர்ந்துவிட்டு முடியாமல் தவிப்பவர்கள் என்ன செய்வது? பயந்து ஒளியத் தேவையில்லை. தகுந்த காரணம் இருந்தால் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விலக்களிக்கப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு (எண் 1196). அதற்கு இணையான அல்லது அதைவிட மேலான நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளவும் செய்யலாம் (எண் 1197).

பங்கின் பணிகளும் இதைப் போன்றவைதாம். ஒருவரே பங்குப் பேரவை, பாடகர் குழு, அன்பியம், வின்சென்ட் தே பவுல் சபை என எல்லாவற்றிலும் பெயர் கொடுத்திருப்பார். ஓடி ஓடி உழைக்கிறவரிடமே அடுத்த வேலையும் போய்ச் சேருவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்! பந்தியில் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற குறை எழுந்தபோது திருத்தூதர்கள் அதையும் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. செபமும் இறைவார்த்தைப் பணியும் குறைந்துபோகும் என்றார்கள். அதற்காகக் கைம்பெண்களைக் கைவிடவும் இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள் (திப 6:1-6). 'என்னால் முடியாது' என்பதோடு, முடிகிறவரைத் தேடும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

1921இல் டப்ளின் நகரில் பிறந்த மரியாயின் சேனை இதில் நல்ல விவேகம் காட்டுகிறது. புதிதாக வருபவர் குறைந்தது மூன்று மாதம் பயிற்சிநிலையில் இருந்த பிறகே வாக்குறுதி எடுக்கிறார். வாரக் கூட்டமும் வாராந்திரப் பணியும் இயலாதோருக்குத் துணை உறுப்பினர் என்ற நிலை உண்டு. அவர்களுக்குச் செபமாலையும் சேனையின் செபங்களும் போதும். அவற்றையும் நாள்தோறும் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் பெயர் கொடுக்குமுன் எண்ணிப் பார்த்துக்கொள்வோம்.