தோட்டத்துப் படங்களுக்கு வீட்டில் ஒரு பெட்டி

மாணவர்களே, உங்கள் வீட்டில் எத்தனை கைப்பேசிகள் இருக்கின்றன? அவற்றில் எத்தனை படங்கள்? அந்தப் படங்களுள் எவையெல்லாம் இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கின்றன?

புக்கிட் ரோத்தான், ஜெராம், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துப் பிள்ளைகள் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். பால்மரத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல இடங்களில் லயன் வீடுகள் இல்லாமல் போய், குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிவந்துவிட்டன. பாட்டி நின்ற பெரட்டுக் களத்துக்கும், அம்மா வளர்ந்த ஆயக்கொட்டகைக்கும், தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கும் இன்று சாட்சி சில கறுப்பு வெள்ளைப் படங்கள்தாம். அவற்றையும் யாரோ ஒரு சித்தப்பா கைப்பேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார். வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பாட்டியின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

இப்படிச் சிதறிக் கிடப்பவற்றை ஓரிடத்தில் சேர்க்க உதவுவதுதான் வலைச் சேமிப்புப் பெட்டி. சுருக்கமாக 'நாஸ்' என்பார்கள். உள்ளே ஒரு சிறிய கணினியும் ஒன்றிரண்டு வன்தட்டுகளும் (ஹார்ட் டிஸ்க்) இருக்கும். ரவுட்டரில் கம்பி மாட்டிவிட்டால் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கணினிகளும் அதில் கோப்புகளை வைக்கலாம், எடுக்கலாம். கோவில் நிர்வாகக் குழுவுக்கும், திருமணப் படம் எடுக்கும் சிறிய கடைக்கும் இதே பெட்டி போதும்.

வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். ஒரு படம் 4 மெகாபைட், ஆளுக்கு 3,000 படங்கள், வீட்டில் ஐந்து பேர் என்றால் மொத்தம் 60 கிகாபைட். காணொளிகளைச் சேர்த்தாலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு 2 டெராபைட் தாராளம். கடைக்காரர் 16 டெராபைட் காட்டினால் மயங்க வேண்டாம். இன்னொன்று: 1 டெராபைட் வன்தட்டைச் சொருகினால் கணினி 931 என்று காட்டலாம். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1,024 ஆக எண்ணுகிறது. ஒரு டிரில்லியனை 1,024ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள்.

வன்தட்டிலும் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் தரவுத் தடங்கள் பக்கம் பக்கமாகத் தனித்தனியே இருக்கும். மற்றதில் கூரை ஓடுகளைப் போல ஒன்றின் ஓரத்தின்மேல் ஒன்று படிந்திருக்கும். அதில் ஒரு தடத்தை மாற்றினால் பக்கத்துத் தடங்களையும் மீண்டும் எழுத வேண்டும். பல தட்டுகள் சேர்ந்து இயங்கும் பெட்டியில் இது பெரும் தாமதம். முதல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, எனக்குப் பிடித்த பகுதி. 1988இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலை உயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான பல தட்டுகளைக் கூட்டாக இயக்கலாம் என்றனர். 'ரெய்டு' என்பது அந்த முறையின் பெயர். மூன்று தட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தட்டில் 1, இரண்டாவதில் 0. மூன்றாவதில், மூன்றையும் சேர்த்து எண்ணினால் '1'கள் இரட்டைப்படையாக வருமாறு எழுத வேண்டும், ஆகவே 1. இப்போது இரண்டாவது தட்டு பழுதாகிவிட்டது. மீதமிருப்பவை 1, 1. ஏற்கெனவே இரட்டைப்படைதான்; எனவே தொலைந்தது 0. இவ்வளவுதான்! இதையே கோடிக்கணக்கான முறை செய்து, முழுத் தட்டையும் மீட்டுவிடுகிறது பெட்டி. இரண்டே தட்டுகள் என்றால் கணக்கே வேண்டாம். ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும்.

பலரும் இங்கேதான் நிம்மதியாகிவிடுகிறார்கள். ரெய்டு காப்பது வன்தட்டுப் பழுதிலிருந்து மட்டுமே. தம்பி தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், இரண்டு தட்டிலும் அதே நொடியில் அழியும். 1998இல் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்தபோது, பிக்சார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி மறைந்தது. காப்புப் பிரதியைத் தேடினால், அது ஒழுங்காகப் பதிவாகியே இருக்கவில்லை. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதுதான் படத்தைக் காப்பாற்றியது.

பெரிய அரசாங்கத்துக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரத் தரவு மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அழிந்தன. அளவு மிகப் பெரிது என்பதால் அவற்றுக்கு வெளியே பிரதி எடுத்து வைக்கவில்லையாம். நமக்கு நெருப்பைவிட மழைதான் பக்கம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே அலமாரியில் இருக்கும் பெட்டியும் பிரதியும் ஒரே வெள்ளத்தில்தான் போகும்.

அதனால் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கைப் பின்பற்றுங்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில். பாட்டியின் படம் கைப்பேசியில் ஒன்று, பெட்டியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று. அந்த வெளி வன்தட்டை கிள்ளானில் இருக்கும் அத்தை வீட்டில் கொடுத்துவைத்து, போகும்போதெல்லாம் புதுப்பிக்கலாம்.

பெட்டியை நாமே கட்டலாமா? கட்டலாம். பழைய மேசைக் கணினியில் 'ஓப்பன் மீடியா வால்ட்' என்னும் இலவச மென்பொருளை நிறுவினால் போதும். ஆனால் மின்சாரத்தையும் கணக்கில் சேருங்கள். 60 வாட் இழுக்கும் கணினி 30 நாளும் ஓயாமல் ஓடினால் 43.2 கிலோவாட் மணி. 15 வாட் நாஸ் பெட்டிக்கு 10.8 மட்டுமே. பழைய கணினி கைவசம் இருந்தால் கற்றுக்கொள்வதற்காகக் கட்டுங்கள். கோவில் கணக்கை வைப்பதற்கு என்றால் தயார்ப் பெட்டியே என் தேர்வு. எதுவானாலும் தரையில் வைக்காதீர்கள். நம் ஊர் இடிமின்னலுக்குத் தடையில்லா மின்வழங்கி ஒன்றும் இருக்கட்டும்.

வெளியூரிலிருந்து பார்க்க வசதி என்று பெட்டியை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவதும் ஆபத்து. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்னும் தீநிரல் அப்படித் திறந்து கிடந்த கியூநேப் பெட்டிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டு பிட்காயின் கேட்டது.

எல்லாம் மாட்டி முடிந்ததும், முக்கியமில்லாத ஒரு படத்தைப் பெட்டியிலிருந்து வேண்டுமென்றே அழியுங்கள். பிறகு அத்தை வீட்டு வன்தட்டிலிருந்து அதைத் திரும்ப எடுங்கள். படம் திறக்கிறதா, பெரிதாக்கினால் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பள்ளி விடுமுறையிலும் ஒருமுறை இதைச் செய்யலாம். பத்து நிமிட வேலைதான்.