தீப்பொறி வராத வண்டி: பழுதை முறைப்படி கண்டறிதல்

திருவள்ளூரை அடுத்த மணவாள நகரிலிருந்து வடகிழக்கே கும்மிடிப்பூண்டி வரையிலும், வடமேற்கே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் வரையிலும் வாழும் நம் அங்கத்தினர்களின் தொழிலைத் தாங்கி நிற்பவற்றுள் சிறிய பெட்ரோல் வண்டியும் ஒன்றாகும். நெசவாளர் நூல் கட்டையும் நெய்து முடித்த சேலையையும் அதில்தான் ஏற்றிச் செல்கிறார். விவசாயி விடியற்காலையில் பூவையும் கீரையையும் சந்தைக்குக் கொண்டு செல்வதும் அதில்தான். 1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது; அதன் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிகள் வரப்போரத்திலும் வண்டிப் பாதையிலும் சுமையுடன் செல்வதை நாள்தோறும் காண்கிறோம். அயல்நாட்டுப் பண்ணைகளில் எந்நிலத்திலும் ஓடும் ஏ.டி.வி. என்னும் நான்கு சக்கர வண்டி செய்யும் வேலையை நம் ஊர்களில் இந்த மொபெட் செய்து வருகிறது. இரண்டிலும் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்தான். தீப்பொறி பிறக்கும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இங்குக் கூறப்படுவது இரண்டுக்கும் பொருந்தும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒருநாள் எத்தனை முறை உதைத்தாலும் கிளம்புவதில்லை. பெட்ரோல் இருக்கிறது, பிளக்கில் மட்டும் தீப்பொறி இல்லை. அந்நிலையில் பலரும் செய்வது, ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை வாங்கி மாற்றிப் பார்ப்பதாகும். இதனால் பணமும் வேலை நாளும் வீணாகின்றன. தறியில் இழை அறுந்தால் அறுந்த இடத்தைத் தேடி முடிச்சிடுகிறோமேயன்றிப் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. அந்த முறையையே இங்கும் கைக்கொள்ளல் வேண்டும்.

தீப்பொறி பிறக்கும் விதம்

எஞ்சினின் ஒரு பக்கத்தில் காந்தங்கள் பதித்த சக்கரம் ஒன்று சுழல்கிறது. இதனை மெக்கானிக்குகள் மாக்னெட் என்பர். அக்காந்தங்கள் கம்பிச் சுருளைக் கடந்து செல்லும்போது சுருளில் மின்சாரம் உண்டாகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதி இதுவே. 1902-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் பாஷ் நிறுவனத்தைச் சார்ந்த ஹோனோல்டு என்னும் பொறியாளர் இவ்விதியைக் கொண்டு உயர் அழுத்த மாக்னெட்டோவை உருவாக்கினார்.

இவ்வாறு பிறந்த மின்சாரம் சி.டி.ஐ. என்னும் சிறு பெட்டிக்குள் சென்று சேமிக்கப்படுகிறது. பொறி எழ வேண்டிய தருணத்தைப் பிக்கப் காயில் என்னும் மற்றொரு சிறு சுருள் அறிவிக்கிறது. உடனே பெட்டி தன்னிடமுள்ள மின்சாரத்தை இக்னிஷன் காயிலுக்குள் செலுத்துகிறது. அக்காயில் சில நூறு வோல்ட்டைப் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தித் தடித்த வயர் வழியே பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக்கின் முனையிலுள்ள இடைவெளியை அம்மின்சாரம் தாண்டும்போது தீப்பொறி தோன்றுகிறது.

ஆக, மாக்னெட் சுருள், பிக்கப், சி.டி.ஐ., இக்னிஷன் காயில், பிளக் ஆகிய ஐந்தும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாம். இவற்றை இணைக்கும் வயர்களும், நிறுத்துவதற்கான சுவிட்சும் இடையே உள்ளன. இவற்றுள் எந்தக் கண்ணி அறுந்தாலும் பொறி வராது. விலை குறைந்த கண்ணியிலிருந்து விலை கூடிய கண்ணிக்குச் செல்வதே சோதனை முறையின் அடிப்படை.

முதற் சோதனை

பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்ற வேண்டும். கழற்றிய துவாரத்தைத் துணியால் மூடுவது அவசியம். அதிலிருந்து வெளிவரும் பெட்ரோல் ஆவி பொறி பட்டுத் தீப்பற்றக் கூடும். பின்னர் பிளக்கை அதன் கேப்பில் செருகி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் நன்கு படும்படி வைத்து, சாவியைத் திறந்து உதைக்க வேண்டும். வெறுங் கையால் பிளக்கைப் பிடித்தலாகாது. ரப்பர் உறையிட்ட குறடு வேண்டும். பிளக் உலோகத்தில் படாத நிலையில் உதைப்பதும் தவறு. போக்கிடம் இல்லாத மின்சாரம் காயிலையும் சி.டி.ஐ. பெட்டியையும் கெடுத்துவிடும்.

‘சட்’ என்ற ஒலியுடன் நீலநிறப் பொறி வந்தால் அமைப்பு நன்றாக உள்ளது எனக் கொள்ளலாம். மஞ்சளாகவோ சிவப்பாகவோ மங்கிய பொறி வருமாயின் வலுவில்லை என்பது பொருள். ஒன்றை மறத்தலாகாது. திறந்த வெளியில் பொறி எளிதில் தாண்டும். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் அதற்கு அதிக வோல்ட் தேவை. எனவே வெளியே மெலிந்த பொறி விடும் பிளக் உள்ளே சிறிதும் விடாமற் போவதுண்டு.

செலவில்லாத சோதனைகள்

முதலில் பிளக். அதன் முனை கரி படிந்தோ எண்ணெய் தோய்ந்தோ பீங்கான் விரிசல் கண்டோ இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். இடைவெளி பல சிறு எஞ்சின்களில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்கும். வண்டியுடன் வந்த கையேட்டில் உள்ள அளவே முடிவானது. ஐயம் இருப்பின், நல்ல நிலையிலுள்ள அதே வகைப் பிளக் ஒன்றைச் செருகிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

அடுத்தது பிளக் கேப். மழைநீர் புகுந்து உள்ளே பச்சை படிந்திருக்கலாம். உள்ளிருக்கும் மின்தடை அறுந்திருக்கலாம். கேப்பை வயரிலிருந்து திருகிக் கழற்றி, வயரின் நுனியை எஞ்சினின் உலோகத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் தூரத்தில் குறடால் பிடித்து உதைத்துப் பார்க்கலாம். இப்போது பொறி தாண்டினால் குற்றம் கேப்பில்தான். வயர் போதிய நீளமிருந்தால் அதன் நுனியைச் சிறிது வெட்டிவிட்டுப் புதிய கேப்பைத் திருகுவது நலம்.

மூன்றாவது, நிறுத்தும் சுவிட்ச். இங்குதான் பலர் தடுமாறுகின்றனர். மாக்னெட்டிலிருந்தே மின்சாரம் பெறும் பழைய வகை வண்டிகளில், சாவியை மூடுவது மின்சாரத்தைத் துண்டிப்பதன்று. அதனை வண்டியின் உடலோடு சேர்த்து வீணாக்குவதாகும். ஆதலால் அந்தச் சுவிட்சுக்குச் செல்லும் வயரின் உறை தேய்ந்து சட்டத்தில் பட்டாலும் வண்டி நிறுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். இவ்வகை வண்டியில் சி.டி.ஐ. பெட்டியின் அருகே அந்த ஒரு வயரை மட்டும் கழற்றிவிட்டு உதைத்துப் பார்க்க வேண்டும். பொறி வந்தால், குற்றம் சுவிட்சிலோ அதற்குச் செல்லும் வயரிலோ உள்ளது எனத் தெளியலாம். இச்சோதனையில் வண்டி கிளம்பிவிட்டால் சாவியால் நிற்காது. எனவே பிளக்கை வெளியே வைத்தே சோதித்தல் வேண்டும்.

பேட்டரியின் மின்சாரத்தால் பொறி தரும் வண்டிகளில் இதற்கு நேர்மாறு. அங்கே சுவிட்ச் மூடினால் மின்சாரம் துண்டிக்கப்படும். ஆகவே பேட்டரி, பியூஸ், சாவி ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். தம் வண்டி எவ்வகை என்பதைக் கையேட்டைக் கொண்டோ மெக்கானிக்கைக் கேட்டோ முன்னரே அறிந்து வைத்தல் நன்று. நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டிகளில் கைப்பிடிச் சுவிட்சுடன், ஓட்டுபவர் கீழே விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றுச் சுவிட்சும் சிலவற்றில் உண்டு. அவற்றையும் இவ்வரிசையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, எர்த் இணைப்பு. காயிலும் சி.டி.ஐ. பெட்டியும் சட்டத்தோடு சேரும் இடத்தில் துரு இருந்தால் மின்சாரம் திரும்பிச் செல்ல வழியில்லை. பழவேற்காடு போன்ற உப்புக் காற்று வீசும் கடலோர ஊர்களில் இக்குறை மிகுதி. திருகாணியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் இறுக்கினால் போதும்.

ஓர் அனுபவம்

இந்நான்கையும் முதலிற் செய்வதன் பயனைச் சென்ற ஐப்பசி மழையில் ஒரு நெசவாளர் அங்கத்தினரிடம் கண்டேன். பதினான்கு சேலைகளைச் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டிய நாளில் அவருடைய வண்டி நின்றுவிட்டது. பட்டறையில் முதலில் பிளக், மறுநாள் காயில், அதற்கும் மறுநாள் சி.டி.ஐ. எனப் புதிய பாகங்கள் மாற்றப்பட்டன. பொறி வரவில்லை. மூன்று நாள் தறியும் நின்றது. பாகங்களின் விலை இரண்டு சேலைகளின் கூலிக்கு மேலாயிற்று. இறுதியில் வேறொரு மெக்கானிக் சுவிட்சுக்குச் செல்லும் வயரைக் கழற்றிப் பார்த்தார். உடனே பொறி வந்தது. கைப்பிடி திரும்பும் இடத்தில், முன்புறம் தொங்கவிட்ட நூல் மூட்டையின் பாரத்தால் வயர் நசுங்கி உறை கிழிந்திருந்தது. இரண்டு அங்குல நீளத்துக்கு டேப் சுற்றியதும் வண்டி ஓடிற்று. மாற்றப்பட்ட பழைய காயிலும் பெட்டியும் நல்ல நிலையிலேயே இருந்தன. அவற்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும்படி அவருக்குக் கூறினேன்.

மீட்டர் கொண்டு செய்யும் சோதனை

மேற்கூறியவற்றில் குற்றம் அகப்படவில்லையெனில் மல்டிமீட்டர் தேவை. இஃது எலெக்ட்ரிக்கல் கடைகளில் எளிய விலைக்குக் கிடைக்கும். ஓம் அளவில் வைத்து, வயர் இணைப்பைக் கழற்றியபின் ஒவ்வொரு சுருளையும் அளக்க வேண்டும்.

மாக்னெட்டின் மின்சாரச் சுருளும் பிக்கப் சுருளும் சாதாரணமாக நூற்றுக்கணக்கான ஓம் காட்டும். இக்னிஷன் காயிலின் முதற்சுற்று மிகக் குறைவாக, ஓர் ஓமைச் சுற்றி நிற்கும். இரண்டாஞ்சுற்று ஆயிரக்கணக்கில் காட்டும். இவை பொதுவான அளவுகளே. சரியான எண் வண்டிக்கு வண்டி வேறுபடும். எனினும் மீட்டர் ஒன்றுமே காட்டாவிடில் சுருள் அறுந்தது என்பதும், பூச்சியம் காட்டினால் சுருள் தன்னுள் ஒட்டிக்கொண்டது என்பதும் எவ்வண்டிக்கும் பொருந்தும்.

சுருள்கள் யாவும் சரியாக இருந்தும் பொறி இல்லையெனில், அப்போதுதான் சி.டி.ஐ. பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். அதனைச் சாதாரண மீட்டரால் முழுமையாகச் சோதிக்க இயலாது. அதே வகை வண்டியில் நன்றாக வேலை செய்யும் பெட்டியைச் சிறிது நேரம் மாற்றிப் பொருத்திப் பார்ப்பதே வழி. வாங்கிய பிறகு சோதிப்பதைவிட, சோதித்த பிறகு வாங்குவதே சிக்கனம்.

சூடேறியதும் நிற்கும் வண்டி

காலையில் கிளம்பி, ஐந்தாறு கல் சென்றதும் நின்று, அரை மணி ஆறியபின் மீண்டும் கிளம்பும் வண்டிகள் உண்டு. சுருளின் உள்ளே மெல்லிய கம்பி விரிசல் கண்டிருந்தால், வெப்பத்தில் விரிந்து அறுந்தும் ஆறியபின் கூடியும் நிற்கும். இதனைக் குளிர்ந்த எஞ்சினில் அளந்தால் குற்றம் தெரியாது. வண்டி நின்ற உடனே, சூடு தணியுமுன் பொறியையும் சுருளையும் சோதித்தல் வேண்டும். பெட்ரோல் மூடியின் காற்றுத் துவாரம் அடைபட்டாலும் வண்டி இவ்வாறே நிற்கும். ஆகவே நின்றதும் மூடியைத் திறந்து பார்ப்பதும் தகும்.

பொறி நன்றாக வந்தும் வண்டி கிளம்பாமல் உதைகாலைத் திருப்பி அடித்தால், மாக்னெட் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சிறு சாவிக்கட்டை வெட்டுண்டிருக்கலாம். அப்போது பொறி தவறான தருணத்தில் எழுகிறது. இது பட்டறையிற் கவனிக்க வேண்டிய வேலை.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

1955-இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் வண்டிகள் இன்னும் சிலரிடம் உள்ளன. அவற்றில் சி.டி.ஐ. இல்லை, பாயின்ட் என்னும் தொடுமுனைகள் திறந்து மூடிப் பொறியை எழுப்புகின்றன. முனைகளின் இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். முனைகள் கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். சுத்தம் செய்தும் விரைவில் மீண்டும் கருகுமாயின் கண்டென்சர் கெட்டுள்ளது எனக் கொள்ளலாம்.

2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 விதி நடைமுறைக்கு வந்தபின் விற்கப்படும் வண்டிகளில் கார்ப்பரேட்டருக்குப் பதிலாக எரிபொருளை ஊசிவழிச் செலுத்தும் அமைப்பு வந்துள்ளது. அவற்றில் பொறியையும் பெட்ரோலையும் ஒரே கணிப்பொறிப் பெட்டி ஆள்கிறது. பிளக், கேப், பியூஸ், பேட்டரி ஆகியவற்றை நாமே பார்க்கலாம். எச்சரிக்கை விளக்கு அணையாது எரிந்தால் உரிய கருவியுள்ள பட்டறைக்குச் செல்வதே முறை. வயரைக் கண்டபடி கழற்றினால் விலையுயர்ந்த பெட்டி கெடும்.

சங்கம் செய்யத்தக்கது

ஒவ்வொருவரும் கருவிகளை வாங்கி வைப்பது இயலாது. ஒரு சங்கம் வாங்கி வைப்பது மிக எளிது. ஒரு மல்டிமீட்டர், பிளக் இடைவெளி அளக்கும் தகடு, ஒரு பிளக் ஸ்பேனர், அங்கத்தினரிடம் மிகுதியாக உள்ள வண்டிகளுக்கு ஏற்ற ஒரு நல்ல பிளக், கேப், சி.டி.ஐ. ஆகியவற்றைச் சங்க அலுவலகத்தில் வைத்துப் பதிவேட்டில் ஒப்பமிட்டுக் கொடுக்கலாம். அம்பத்தூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றில் பயின்ற இளைஞர்கள் நம் அங்கத்தினர் குடும்பங்களிலேயே இருப்பர். மாதம் ஒரு நாள் அவர்களைக் கொண்டு சோதனை முறையைக் காட்டச் செய்தால் ஊரே பயன்பெறும். எந்த வண்டியில் எந்தக் குறை இருந்தது, எதனால் தீர்ந்தது என்பதைப் பதிவேட்டில் எழுதி வந்தால், அடுத்தவருக்கு அது வழிகாட்டும்.

பட்டறைக்குச் செல்லும் அங்கத்தினர் மூன்று கேள்விகளைத் தவறாது கேட்க வேண்டும். சுவிட்ச் வயரைக் கழற்றிப் பார்த்தீர்களா? சுருளை மீட்டரால் அளந்தீர்களா? பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? நேர்மையான மெக்கானிக் இக்கேள்விகளால் வருந்தமாட்டார். தம் வேலையை அறிந்தவர் ஒருவர் வந்துள்ளார் என மகிழவே செய்வார். கூலியாகவும் விளைச்சலாகவும் வியர்வை சிந்திச் சேர்த்த பணம், காரணம் தெரியாமல் கையைவிட்டுப் போகாதிருக்க இச்சிறு முயற்சி உதவும்.