சேற்றுக்குள் ஒரு சேமிப்பு

குஜராத்தின் கட்ச் கடற்கரையில் அலையாத்திக் காடுகள் உள்ளன. அந்த இலையைத் தின்னக் கராய் ஒட்டகங்கள் கடலில் நீந்திப் போகும். ஒட்டகப் பாலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன.

இந்தக் காடு இன்னொரு வேலையும் செய்கிறது. என்ன வேலை?

மரம் கரியமில வாயுவை இழுத்து வளர்கிறது. அதன் இலையும் வேரும் சேற்றில் புதைகின்றன. ஈரச் சேற்றில் காற்று புகாது. அதனால் அவை எளிதில் மக்குவதில்லை. அவற்றிலுள்ள கரி பல நூறு ஆண்டுகள் அங்கேயே தங்கும். இதுதான் 'நீலக் கார்பன்'.

துறைமுகமும் உப்பளமும் வேலை தருகின்றன. உண்மைதான். ஆனால் கழியை அடைத்துக் கரை போட்டால் என்ன ஆகும்? கடல் நீர் உள்ளே வராது. மரம் பட்டுப்போகும். சேறு காயும். காற்று புகும். புதைந்த கரி மறுபடி வாயுவாக வெளியேறும். பூமியின் சூடு கூடும்.

காண்ட்லா பகுதியில் உப்பளத்துக்காகக் கழிகளை அடைத்தார்கள். ஒட்டகம் வளர்ப்போர் வழக்குப் போட்டார்கள். 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அடைப்புகளை அகற்றச் சொன்னது.

கன்று நட்டால் மரம் சில ஆண்டுகளில் வளரும். சேற்றுக் கரி சேரப் பல தலைமுறை ஆகும். எனவே, இருக்கும் காட்டைக் காப்பதே முதல் வேலை.