கடல்மீது விழும் வெயிலின் கணக்கு

பாவுக்குக் கஞ்சியிட்டுத் தெருவில் நீட்டிய வேளையில் மேகம் திரண்டால் நெசவாளியின் நெஞ்சு பதைக்கிறது. நாற்று விட்ட உழவரோ அதே மேகத்தை எதிர்நோக்கி நிற்கிறார். இவ்விருவரின் வரவு செலவும் கடல்மீது விழும் வெயிலோடு பிணைந்திருக்கிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

மே மாதத்தில் தெளிந்த வானத்தின்கீழ் அரபிக் கடலின் தென்கிழக்குப் பகுதி ஏறக்குறைய 30 டிகிரி வரை சூடேறுகிறது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று நீரைக் கலக்க, மேகம் வெயிலை மறைக்க, அக்கடல் குளிர்கிறது. வங்கக் கடலிலோ ஆற்றுநீரும் மழைநீரும் மேலே பரவிக் கிடப்பதால், கீழ்நீர் எளிதில் மேலே வருவதில்லை. வெப்பம் பெரும்பாலும் 28 டிகிரிக்குக் குறைவதில்லை. மேகக்கூட்டம் வந்தால் கடல் சற்றே குளிரும்; அது வடக்கே நகர்ந்தபின் வெயில் மீண்டும் நீரைச் சூடாக்கும். 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை மழை ஓங்கி ஓய்வதற்கு இம்மாற்றமும் துணைக் காரணமாகும்.

பரந்த கடலில் இவ்வெயிலை அளப்பது எங்ஙனம்? சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள்கள் இப்பணியைச் செய்கின்றன. 2002இல் கல்பனா-1, 2013இல் இன்சாட்-3டி, 2016இல் இன்சாட்-3டிஆர், 2024இல் இன்சாட்-3டிஎஸ் ஆகிய இந்தியச் செயற்கைக்கோள்கள் ஏவப்பட்டன. காற்றுமண்டலத்தின் உச்சியில், வெயிலுக்கு நேர்முகமான ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,361 வாட் வரவு. கடல் கருமையாகவும் மேகம் வெண்மையாகவும் தோன்றும். மேகம் திருப்பியனுப்பிய ஒளியையும், காற்றிலுள்ள நீராவியும் தூசியும் விழுங்கியதையும் கழித்தால், எஞ்சுவது கடலுக்குச் சேர்ந்த வெயில்.

ஆயினும், தணிக்கையில்லாக் கணக்கை ஏற்கலாமா? நீர்ப்பரப்பில் பளபளக்கும் சூரிய ஒளியை மேகமென மயங்கும் பிழையும் நேரலாம். ஆதலின், கடலில் நங்கூரமிட்ட மிதவைகளிலுள்ள கருவிகளின் அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர்.

தவணை தவறிய கடன்களின் பதிவேட்டைப் புரட்டும்போது, விதைத்தபின் மழை ஓய்ந்ததால் இருமுறை விதை வாங்கியவர்களின் துயரத்தை நான் கண்டிருக்கிறேன். கடலின் வெப்பத்தைச் சரிவரக் கணக்கிடுந்தோறும், இத்தகைய ஓய்வை முன்னரே உணர்வதற்கு வழி பிறக்கிறது. இந்திய வானிலைத் துறை சில வாரங்களுக்கான முன்னறிவிப்பை வாரந்தோறும் வெளியிடுகிறது. அதனைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கச் செயலாளர்கள் முன்வருவார்களாக! ஒரு மூட்டை விதை மிஞ்சினாலும் அது சங்கத்தின் சேமிப்பே.