உங்களுக்குத் தெரியுமா? சால்மனுக்கு நேரெதிர் நம்ம மடவை!

வேல்ஸ் ஆறுகளில் பிறக்கும் சால்மன், கடலில் வளர்ந்து முட்டையிட ஆற்றுக்கே திரும்பும். ஆரம்பாக்கம் பக்கத்துப் பழவேற்காடு ஏரியில் கதை தலைகீழ். மடவையும் வெள்ளை இறாலும் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகும். ஏரித் தண்ணீர் கடலுக்கு வடியும் நேரம் பார்த்து, கழி நட்டுச் சுத்துவலை கட்டி இறாலை மறிப்பார்கள். ஆனால் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. யாருக்கு எந்த இடம், எப்போது முறை என்பதைக் காலங்காலமாக ‘பாடு’ என்ற ஊர்க்கட்டுப்பாடுதான் தீர்மானிக்கிறது.

வேல்ஸிலும் கட்டுப்பாடு உண்டு: 2020 முதல், தூண்டிலில் சிக்கும் சால்மனை உயிரோடு ஆற்றில் விட்டாக வேண்டும். (மடவைக் குழம்பு ருசித்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!) பழவேற்காட்டிலோ முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால், பாடு கிடைத்தும் பயனில்லை, குஞ்சு வரத்தே நின்றுபோகும்.