எந்தப் பிரிவு நமக்கு ஏற்றது?

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது கடற்கரையில் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம். ஆனால் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் நாம் அதை மறந்துவிடுகிறோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் மேல்நிலை வகுப்பில் எந்தப் பிரிவு என்று கேட்பார்கள். "தோழி எடுத்தாள், நானும் எடுத்தேன்" என்பதே நம்மில் பலருடைய விடை. பிற்காலத்தில் எம்.பி.ஏ. என்னும் வணிக மேலாண்மைப் படிப்பிலும் இதே கேள்வி எழும். ஆகவே அப்படிப்பையே எடுத்துக்காட்டாகக் கொண்டு சிந்திப்போம்.

எம்.பி.ஏ. பொதுவாக 2 ஆண்டுப் படிப்பு. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் இதில் சேரலாம். எனவே மேல்நிலையில் வணிகவியல் எடுக்காவிட்டால் இக்கதவு அடைபட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் முதலாண்டில் எல்லாரும் பொதுப் பாடங்களைப் படிப்பர். இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுப்பர். நிதி, சந்தையியல், உற்பத்தி, மனிதவளம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

பெயர்கள் புதியவை, வேலைகள் நாம் அறிந்தவையே. பாம்பன் கடற்கரையைப் பாருங்கள். டீசலுக்கும் வலைக்கும் முன்பணம் திரட்டி, வரவு செலவு பார்ப்பது நிதி. பிடித்த மீனைப் பனிக்கட்டியிட்டுக் கெடாமல் காத்து, உரிய நேரத்தில் லாரியில் ஏற்றுவது உற்பத்திப் பிரிவு கற்பிக்கும் ஒழுங்கு. கணவாயும் இறாலும் எங்கே நல்ல விலைக்குப் போகும் என்று அறிந்து விற்பது சந்தையியல். படகில் சென்றவர்களுக்குப் பங்கு பிரிப்பதில் மனக்கசப்பு வராமல் பார்த்துக்கொள்வது மனிதவளம்.

இவற்றுள் நமக்கு ஏற்றது எது? பள்ளி ஆண்டு விழாவின்போது நாம் தாமாகவே எந்த வேலைக்கு ஓடுகிறோம் என்று கவனித்தால் போதும். கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தாலும் உறக்கம் வராதவள் ஒருத்தி. நன்கொடைச் சீட்டு முழுவதையும் பேசியே விற்றுவிடுபவள் ஒருத்தி. நாற்காலி முதல் ஒலிபெருக்கிவரை வரிசையாக ஏற்பாடு செய்பவள் ஒருத்தி. சண்டையிட்ட இருவரைச் சேர்த்து வைப்பவள் இன்னொருத்தி. மதிப்பெண் அட்டை காட்டாத திறமையை இவ்வேலைகள் காட்டிவிடும்.

திறமையோடு குறிக்கோளும் வேண்டும். இதற்கு நம் இராமேசுவரத்தில் 1931 இல் பிறந்த அப்துல் கலாமைவிடச் சிறந்த சான்று எது? திருச்சி தூய வளனார் கல்லூரியில் அவர் இயற்பியல் பட்டம் பெற்றது 1954 இல். படித்து முடித்த பிறகே அது தமக்குரிய துறையன்று என்று உணர்ந்தார். பின்னர் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய அக்காள் சோகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த 2 பழைய விமானங்கள் அவர் உள்ளத்தை ஈர்த்தன. முதலாண்டு முடிந்ததும் தயங்காமல் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார்.

விமானி ஆகும் ஆசை நிறைவேறவில்லை. 8 பேரே தேவைப்பட்ட தேர்வில் அவர் ஒன்பதாவதாக வந்தார். எனினும் அவர் கற்ற கல்வி வீணாகவில்லை. அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி 1979 ஆகஸ்டில் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. பலருடைய உழைப்பை ஒருங்கிணைத்த அப்பணியும் மேலாண்மைதானே!

பிரிவு தவறினாலும் வழி திரும்பலாம் என்பது இதில் நாம் பெறும் ஆறுதல். ஆனால் அதற்குரிய விலையை நாம் மட்டும் கொடுப்பதில்லை. நம் வீடுகளிலும் அடகுக் கடைக்குச் செல்லும் வளையல்கள் உண்டு. எனவே விண்ணப்பத்தை நிரப்புமுன் நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்போம். எந்த வேலையில் நமக்கு நேரம் போவதே தெரிவதில்லை? பத்து ஆண்டுகளுக்குப் பின் எங்கே நிற்க விரும்புகிறோம்? அந்த வேலையைச் செய்பவர் ஒருவரிடமாவது பேசிப் பார்த்தோமா?

பெற்றோரே, விடையைச் சொல்லச் சற்று நேரம் தாருங்கள். தோழியரே, அந்த நேரத்தை வீணாக்காமல் சிந்திப்போம், தெளிந்தபின் துணிவோம்!