கணக்கும் குறியும்

வழி சரியாயின் விடையுஞ் சரியென்று மாணவர்க்குக் கூறுகின்றோம். துப்பாக்கிக் குண்டு அதற்கு அடங்குவதன்று.

விரைந்து செல்லும் குண்டுக்கு வளித்தடை ஒரு பொருட்டன்று என முன்னாள் அறிஞர் பலர் கருதினர். 1742 இல் ஆங்கிலேயரான பெஞ்சமின் றொபின்ஸ், மரப்பலகை பொருத்திய ஊசலிற் குண்டைச் செலுத்தி, ஊசல் அசைந்த அளவினின்று அதன் வேகத்தைக் கணித்தார். ஊசலைத் தள்ளி வைத்தபோது வேகம் குன்றியது. வளித்தடை பெரிதென்பது புலனாயிற்று.

இன்று நெடுந்தூரக் குறிசுடுவோர் கையடக்கக் கணிகருவி வைத்திருக்கின்றனர். குண்டின் வேகம், வடிவம், வளியமுக்கம், வெப்பநிலை ஆகியவற்றைக் கொடுத்தால், குண்டு எவ்வளவு தாழுமென்று அது கூறும். ஆயினும் தூரத்து இலக்கிற் சுட்டுப்பார்த்து, உண்மைத் தாழ்வுக்கு இயையுமாறு, கொடுத்த வேகத்தைத் திருத்திய பின்னரே அதனை நம்புவர்.

விடையைப் பொருளோடு ஒப்புநோக்கும் இவ்வழக்கத்தையும் நாம் கற்பித்தல் வேண்டும்.